பதினேழாம் கேள்வி

எண்பதுகளின் நடுவில், செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் தட்டச்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் படித்து பி.ஏ. முடித்திருந்தேன். கலியாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவில் தாலுகா ஆபீசுக்கு மனு எழுத வருகிறவர்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பேன். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்த டாக்டரம்மா படியேறி வந்தார்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவர் வேலை பார்த்தார். மாதம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து, பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களைப் பார்ப்பார். அவர் கையில் முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஒரு ஆங்கிலத் தாள் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்: ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் ரொம்ப.

"பிரஷர் எவ்வளவுன்னு மிஷின் சொல்லிடும். வீட்டுக்குப் போனப்புறம் அவங்க எப்படி வாழுறாங்கன்னு யாரு சொல்றது? அதுக்குத்தான் இது" என்றார். "தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் போட்டுப் பாக்கப் போறோம். சித்தூர்ல ஒருத்தர் மூணுன்னு சொன்னாலும், செஞ்சியில ஒருத்தர் மூணுன்னு சொன்னாலும், ரெண்டும் ஒரே மூணா இருக்கணும். அப்பதான் கணக்கு நிக்கும். உங்க ஊர் ஜனங்க பேசற மாதிரி எழுதிக் குடும்மா."

அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு வேலையை நம்பி ஒப்படைத்ததில்லை. வீட்டுக்குப் போய் நைனாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

இரண்டு வாரம் அந்தத் தாளோடு கிடந்தேன். ஒரு மாடி ஏறமுடிகிறதா என்று ஒரு கேள்வி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யார் வீட்டில் மாடி இருந்தது? கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்தித் தூக்கி வர முடிகிறதா என்று மாற்றினேன். மனம் சோர்ந்திருக்கிறதா என்பதை ஒரு நிறத்தின் பெயரை வைத்துக் கேட்பது போல ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. 'மனசே சரியில்லாம இருக்குதா' என்று போட்டேன். டாக்டரம்மா படித்துவிட்டு, "பிரமாதம், இதுதான் எனக்கு வேணும்" என்றார். அந்தப் 'பிரமாதம்' தலைக்கேறிவிட்டது என்பதை இப்போது சொல்ல முடிகிறது.

பதினேழாவது கேள்வியை முதலில் இப்படித்தான் எழுதியிருந்தேன்: 'மற்றவர்களுக்கு நீங்கள் பாரமாக இருப்பதாக உணர்கிறீர்களா?' மூலத்தில் இருந்ததும் அதுதான். ஆனால் டைப் அடித்துப் பார்த்தபோது அது ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்தது. எங்கள் ஊரில் யார் 'உணர்கிறேன்' என்று பேசுகிறார்கள்? கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பேச்சுக்கு மாற்றினேன். 'மத்தவங்களுக்கு நீங்க பாரமா இருக்கீங்களா?' சுருக்கமாக, சுத்தமாக, ஒரே வரியில் அடங்கிவிட்டது. பார்த்துப் பெருமைப்பட்டேன். ஒரு மனிதனின் மனதில் என்ன இருக்கிறது என்று விசாரித்த கேள்வி, அவன் என்னவாக இருக்கிறான் என்று விசாரிக்கிற கேள்வியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை. 'பாரமா இருக்கோமோன்னு தோணுதா' என்று எழுதியிருந்தால் போதும். 'தோணுது' என்ற அந்தச் சொல்லைத்தான் நாங்கள் எல்லோரும் காலையிலிருந்து ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இதற்கு மேல் நடந்ததற்குத் தெரியாமை என்று பெயர் சொல்ல முடியாது.

டாக்டரம்மா பத்து நோயாளிகளின் பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் போய்க் கேள்விகளை வாசித்துக் காட்டி, அவர்களுக்கு என்ன புரிகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். நான் அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி இரண்டு பேரைப் பார்த்தேன். இருவருமே எல்லாக் கேள்விக்கும், "நல்லா புரியுதும்மா" என்றார்கள். நான் சர்க்காரிலிருந்து வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் முதியோர் பென்ஷன் எப்போது வரும் என்று கேட்டார். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, ஒரு வாரம் விடவில்லை.

மீதி எட்டுப் பேருக்கு நானே எழுதினேன். தட்டச்சு நிலையத்தில் உட்கார்ந்து, இரண்டு பேனா மாற்றி, சில இடங்களில் ஒரு சின்ன சந்தேகமும் சேர்த்து எழுதினேன், நம்பும்படி இருக்க. பத்துப் பேரில் ஒருவர் எங்கள் பின்தெருவிலேயே இருந்த தையல்காரர். பக்கத்துத் தெருதானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிவைத்து, தபால் அனுப்ப வேண்டிய நாள் வந்ததும் அவர் பெயருக்கும் எழுதினேன்: 'எல்லாக் கேள்விகளும் நன்றாகப் புரிகின்றன.'

தை மாதத்தில் சென்னையில் ஒரு கூட்டம். மூன்று மொழிக்காரர்களும் உட்கார்ந்து பேசினோம். தெலுங்குக்காக வந்தவர் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான பள்ளி ஆசிரியர். ஒரு நோட்டு நிறைய எழுதி வந்திருந்தார். பதினேழாவது கேள்வி வந்ததும் அவர் கைதூக்கினார். தமிழும் கொஞ்சம் பேசுவார்.

"இதை நேரா கேட்டா, பேஷண்ட் பதில் சொல்றதில்லைங்க. பக்கத்துல நிக்கற பொண்டாட்டி மூஞ்சிய பாக்கறாங்க. அதனால, அப்படி ஒரு நினைப்பு வருதான்னு மாத்திட்டேன். கேக்கும்போது பக்கத்துல யாரும் இருக்கக்கூடாதுன்னும் போடணும்" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "தமிழ்ல அந்த மாதிரி ஏதாவது வந்துச்சாம்மா?"

"இல்ல மேடம். பத்து பேருக்கும் நல்லாவே புரிஞ்சுது."

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் தமிழ் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்று அவர் நம்பினார்.

மாசியில் வீடு வீடாகப் போகும் வேலை தொடங்கியது. செஞ்சி, அனந்தபுரம், தளவானூர் சுற்று முழுவதும் என் பொறுப்பு. முதல் வாரத்திலேயே பின்தெரு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். ஆறாவது முதல் பத்தாவது வரை எனக்கு யூனிஃபார்ம் தைத்தவர் அவர். வலது கையும் வலது காலும் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடையை மகன் பார்த்துக்கொண்டான். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்ததால், வீட்டில் அவரும் மகனும் மருமகளும் ஒரு கைக்குழந்தையும் மட்டும்தான்.

என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் நிற்கவில்லை.

"இன்னா பாப்பா, ஆஸ்பத்திரி உத்தியோகமா? உக்காரு, உக்காரு. ஏம்மா, டீ போடு. ரெண்டு. எனக்கு நல்லா ஸ்ட்ராங்கா." மருமகள் உள்ளே போனதும், என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மூணாவது டீ இது. கேட்டா திட்டுவா. நீ வந்தியே, அந்த சாக்குல குடிச்சுடலாம்" என்றார்.

கேள்விகளுக்கு அவர் எண் சொல்ல மாட்டார், கதை சொல்வார். குடம் தூக்க முடிகிறதா என்றேன். "கை நல்லா இருந்தப்பவே தூக்குனதில்ல பாப்பா, இப்ப எங்க தூக்கறது?" என்று சிரித்தார். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணில் அதை எப்படி அடைப்பது என்று தெரியாமல் நான் எதையோ வட்டமிட்டேன். இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாயங்காலத்தில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் முனை வரை நடந்து வருவதாகச் சொன்னார்.

பதினேழாவதை வாசித்தேன்.

"மத்தவங்களுக்கு நீங்க பாரமா இருக்கீங்களா?"

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு, "இது யாரு கேக்கறது? டாக்டரம்மாவா?" என்றார்.

"எல்லாருக்கும் இருக்கற கேள்விதான் பாய்."

"அத எனக்கு எப்படி தெரியும்?" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. ஆஸ்பத்திரிலேர்ந்து கேக்கறாங்க. நான் உங்களுக்கு பாரமா இருக்கேனா? சொல்லு. எழுதிக்கணுமாம்."

மருமகள் இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சித்தூர்க்காரர் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. 'வேணாம் பாய், அதை விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"அப்படில்லாம் இல்ல மாமா" என்றாள். சொல்வதற்குள் கொஞ்ச நேரம் ஆகிவிட்டிருந்தது.

"ம்" என்றார் அவர். "எழுதிக்கோ பாப்பா. இருக்கேன்னு எழுதிக்கோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் நாலை வட்டமிட்டேன். மீதி பதினைந்து கேள்விக்கும் அவர் கதை எதுவும் சொல்லவில்லை. எண் மட்டும் சொன்னார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று கூட எனக்குள் ஒரு நிம்மதி.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்று. மறுபடி அதே தாள். முதல் சுற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துத்தான் ஆளின் வாழ்க்கை உயர்ந்ததா தாழ்ந்ததா என்று சொல்வார்கள்.

அவர் இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். டீ போடச் சொல்லவில்லை. எண்களை வரிசையாகச் சொன்னார். பதினேழாவதுக்கு, "இல்ல. ஒண்ணு போட்டுக்கோ" என்றார். அடுத்தவர் துணை எத்தனை தடவை தேவைப்படுகிறது என்ற கேள்விக்கும், "அவ்வளவா இல்ல" என்றார். கூட்டிப் பார்த்தால் முன்னைவிட நல்ல எண்ணிக்கை. அந்தச் சுற்றில் நான் பார்த்தவர்களில் இவருக்குத்தான் நன்றாக முன்னேறியிருந்தது. மனசுக்குள் சந்தோஷப்பட்டபடி எழுந்தேன்.

மருமகள் தெருமுனை வரை கூடவே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். டாக்டரம்மாகிட்ட சொல்றீங்களா? மாமா தண்ணியே குடிக்கறதில்ல."

"ஏன்?"

"கக்கூசு தோட்டத்துக் கோடியில இருக்குதில்லக்கா. நான்தான் கூட்டிட்டு போவணும். ஒரு நாளைக்கு அஞ்சாறு வாட்டி கூப்புடுவாரு முன்னல்லாம். இப்ப காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதுக்காவ தண்ணிய நிறுத்திட்டாரு. டீயும் கேக்கறதில்ல. குடுத்தா ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுடறாரு. நடக்கப் போறதையும் விட்டுட்டாரு, பையன் கடைலேர்ந்து அலுத்து வரான்னு. நீங்க வந்துட்டு போன அன்னிலேர்ந்து இப்படித்தான் இருக்குது."

கடைசி வாக்கியத்தை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நாள் கணக்குக்காகத்தான் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்து தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பதினேழாவதுக்குப் பலருடைய எண்ணும் ஒரேயடியாக ஒன்று, அல்லது ஒரேயடியாக ஐந்து. நடுவில் ஓரிருவர்தான். வீட்டார் நிற்கும்போது கேட்டால் வேறு எப்படி வரும்? தளவானூரில் ஒரு அம்மாள் அந்தக் கேள்விக்கு அழுததை நான் ஐந்து என்று வட்டமிட்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினேன். பதினேழாம் கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போய்விட்டது, அதைக் கேட்டபின் ஒருவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார், கேள்வியை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. அந்த நோயாளிக்குக் கட்டாயம் தண்ணீர் கொடுக்கச் சொல்லும்படியும், தான் வரும்போது அவரைப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். கேள்வியை நடுவில் மாற்ற முடியாது, மாற்றினால் முதல் சுற்றோடு ஒப்பிட வழியில்லை என்றும் எழுதியிருந்தார். கீழே தனியாக ஒரு வரி: 'பத்துப் பேரிடம் சோதித்தபோது ஒருவர் கூடவா இதைச் சொல்லவில்லை?'

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அடுத்த முறை அவர் செஞ்சிக்கு வந்த நாளில் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். நைனா உண்மையிலேயே நம்பி மாத்திரை வாங்கி வந்தார்.

ஆனால் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். டாக்டரம்மா அவரிடம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரும் சரி என்று சொல்லியிருந்தார். நான் அவர் எதிரே உட்கார்ந்து, "பாய், நான் கேட்ட ஒரு கேள்வி தப்பு. இங்கிலீஷ்ல வேற மாதிரி இருந்துச்சு. உங்க மனசுக்கு அப்படி தோணுதான்னுதான் கேட்டிருக்கணும். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படி கேட்டிருந்தா?"

"அப்ப நீங்க யாரையும் கூப்ட்டு கேட்டிருக்க வேணாம். உங்க மனசுல இருக்கறத மட்டும் சொல்லியிருந்தா போதும்."

"என் மனசுல அது இல்லவே இல்ல பாப்பா, நீ கேக்கற வரைக்கும்" என்றார். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. அவர் இடது கையை நீட்டி என் கையைத் தட்டினார். "சரி, வுடு. நீ எதுக்கு மனச போட்டு உழப்பிக்கிற. உனக்கு குடுத்த வேலைய நீ செஞ்ச." மருமகளைக் கூப்பிட்டு, "பாப்பாக்கு டீ குடும்மா" என்றார்.

"உங்களுக்கு?"

"இப்பதான் குடிச்சேன்."

கதவருகே நின்ற மருமகள், அவருக்குத் தெரியாமல், இல்லை என்று தலையாட்டினாள்.

உனக்குக் கொடுத்த வேலையை நீ செய்தாய் என்று அவர் சொன்னபோது, நான் செய்யவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் முன்னமே வந்து கேட்டிருக்க வேண்டியவள், வராமலே உங்கள் பெயருக்கு எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனி மாதத்தில் அவருக்கு நீர் கடுத்துக் காய்ச்சல் வந்தது. விழுப்புரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சிறுநீரகம் வரை கிருமி பரவிவிட்டதாகச் சொன்னார்கள். பத்து நாளில் இறந்துபோனார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இப்படி வருவது சகஜம், தண்ணீர் குடித்திருந்தாலும் வந்திருக்கலாம் என்று பிறகு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு தூங்க முயன்ற நாட்கள் உண்டு. அந்தக் கேள்விதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் படுத்த படுக்கையாக இல்லை. பள்ளிவாசல் முனை வரை நடந்துகொண்டிருந்தார்.

அறிக்கை மறு வருடம் அச்சாகி வந்தது. தமிழ் வடிவம் பத்து நோயாளிகளிடம் முன்கூட்டியே சோதிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நான் அதை யாரிடமும் காட்டவில்லை.

அதற்கும் சில மாதங்கள் கழித்து, செஞ்சி பேருந்து நிலையத்தில் அந்த மருமகளைப் பார்த்தேன். திருவண்ணாமலையில் அம்மா வீட்டுக்குப் போகக் காத்திருந்தாள். குழந்தை பெரிதாகி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமாவைப் பற்றித்தான் பேச்சு வந்தது.

"அன்னிக்கு அவரு கேட்டப்ப நான் டக்குனு சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். "ராத்திரி பூரா குழந்தை தூங்க வுடல. அலுப்பா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அலுப்பு வேற, பாரம் வேற இல்லியாக்கா? அத யோசிச்சுக்கிட்டே நின்னுட்டேன். அவரு அத பாத்துட்டாரு. இன்னும் அதான் மனசுல நிக்குது."

அவள் இத்தனை நாளாக அதைத் தன் தலையில் சுமந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல் விட்டுப்போனதை, மழை வாரத்தை, இரண்டு பேனாவை, சென்னையில் சொன்ன பொய்யை. சுற்றி ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். 

"மாமா பேருக்கும் நீங்களே எழுதினீங்களா?"

"ஆமா."

"பின்தெருதானேக்கா."

"ஆமா."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வந்து கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு, இப்படி கேக்காத பாப்பான்னு. யாராவது வந்து பேச மாட்டாங்களான்னுதான் அவரு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாரு."

திருவண்ணாமலை பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினேன். அவளே தூக்கிக்கொண்டு ஏறினாள். உள்ளே போய், நான் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தும், எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.